பூவோடும் பொட்டோடும்

இந்த வாழ்த்து பலித்துவிட்டால் நானல்லவா முதலில் போக வேண்டும், அப்புறம் இவருக்கு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது யார் என்று பூங்கோதை நினைத்தாள். எதிரே நாத்தனார் செண்பகம் கோயில் குங்குமத்தை விரல் நுனியில் எடுத்தபடி நின்றாள். புற்றுநோய்க்காகப் பூங்கோதையின் இடது மார்பை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கவாதத்தில் விழுந்த கணவர் கட்டிலில் கிடந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பேச்சுதான் வராது, காது நன்றாகக் கேட்கும்.

“கால்ல விழு கோதை. தீர்க்க சுமங்கலியா இருன்னு மனசார வாழ்த்துறேன்.”

“குனிஞ்சா தையல் இழுக்குது அண்ணி.”

“அப்ப நின்னபடியே தலையக் குனி, போதும். நீ குடுத்து வெச்சவடி. பூவோடயும் பொட்டோடயும் போயிருவ. எல்லாருக்கும் கெடைக்குமா அது?”

கணவரின் அசையும் கை போர்வையை இறுகப் பற்றியது. குங்கும விரல் நெற்றிக்கு அருகே வந்தபோது பூங்கோதை தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“குங்குமத்தப் போயி ஒதுக்குவாங்களா? என் தம்பி ஆயுசுக்கும் சேத்துத்தானே சொல்றேன்? பின்ன வேற என்னதான் வேணும் உனக்கு?”

பதிலுக்குக் காத்திருப்பவர்போல அவரும் அவளையே பார்த்தார். அவருக்குப் பிறகுதான் தான் போக வேண்டும் என்பதை, காது கேட்கிற அந்த மனிதரின் எதிரே எப்படிச் சொல்வது?

“எனக்கு வேணாம் அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு, வலது கையை அவர் முதுகுக்கடியில் கொடுத்து, அவரை மெல்லப் புரட்டத் தொடங்கினாள்.