கூடுதல் பஸ்

அந்த மாலை பஸ்ஸில் மூச்சுவிடக்கூடப் பக்கத்து ஆளிடம் அனுமதி வாங்க வேண்டும். யாரோ ஒருவரின் அக்குளில் என் மூக்கு இருந்தது. என் தோளில் ஒரு பெண் சாய்ந்து நின்றாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"நாளையிலேருந்து இந்த ரூட்டுல இன்னும் ரெண்டு பஸ் விடறாங்க. எல்லாரும் உக்காந்தே போகலாம்!" என்று கத்தினார் கண்டக்டர்.

பஸ்ஸே கைதட்டியது. நாங்கள் இருவர் மட்டும் தட்டவில்லை. கையை எடுக்க இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போகப்போக இருக்கைகள் காலியாயின. நாங்கள் அப்படியே நின்றோம்.

"யோவ், இவ்வளவு எடம் கிடக்கு, அந்தம்மாவை ஏன்யா ஒட்டிக்கிட்டு நிக்கிறே?" என்று என்னை அதட்டினார் கண்டக்டர்.

நான் தலைகுனிந்தேன். அவள்தான், "பரவாயில்லண்ணே, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவோம்" என்றாள்.

இறங்கினோம். ஒரே தெரு, ஒரே மாடிப்படி, ஒரே கதவு.

உள்ளே அப்பா, அம்மா, தம்பி, தங்கை, தங்கையின் குழந்தைகள். இருப்பது இரண்டு அறை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

என் மனைவி டீ கொண்டுவந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் என் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள்.

"நாளையிலேருந்து பஸ்ல கூட்டமே இருக்காதாம்மா" என்றேன்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! இனிமே ரெண்டு பேரும் இடிபடாம வருவீங்க."

"ஆமாம்மா" என்றேன் நான்.

"ஆமாம் அத்தை" என்றாள் அவள், சமையல்கட்டிலிருந்து.