வேட்டைக்கார ஊரில் ஒற்றை ஓட்டு

"நம்ம ஊர்லயே ஒரு துரோகி இருக்கான், மாப்ளே!"

ஒனோரே காபிக் கடை மேஜையை ஓங்கித் தட்டினார். கோப்பைகள் துள்ளி அடங்கின. எதிரில் இருந்த வென்டெல், ஆமாம் என்று தலையாட்டினார். தங்கையின் கணவர் வேறென்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமைதான் பிரான்சின் ஜனாதிபதி தேர்தல், முதல் சுற்று. மாலையில் ஓட்டு எண்ணும்போது ஒரு உறையை ஒனோரேயே பிரித்தார். உள்ளே இருந்த சீட்டில், வேட்டையை அடியோடு தடை செய்யப் போவதாகச் சொன்ன வேட்பாளரின் பெயர்! பல் முளைக்காத பிள்ளைகூடக் காட்டுப்பன்றிக் கறிக்கு வாயைத் திறக்கும் மலைக் கிராமம் அது. அங்கே அந்த ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒனோரேயோ வேட்டைச் சங்கத்துத் தலைவர். கேட்கவா வேண்டும்?

"எனக்கு ரொட்டிக் கடை லுசியேன் மேலதான் சந்தேகம். இந்த வருஷம் அவன் ஒரு முயலைக்கூடச் சுடலை."

"அவருக்குக் கண்ணுல புரை, மச்சான்."

"கண்ணு தெரியாதவனுக்கு அந்தச் சீட்டு மட்டும் தெரிஞ்சுதாக்கும்? அவன் கடை ரொட்டியை இனிமே நான் தொட மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி சங்கத்து விருந்துல எல்லார் முன்னாடியும் அவனைச் சங்கத்தை விட்டே தூக்கறேன் பாரு!"

ஒனோரேயும் லுசியேனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வென்டெலுக்கு மனசு கேட்கவில்லை.

"அவசரப்படாதீங்க மச்சான். அவரா இல்லாட்டி?"

"அப்ப நீயே கண்டுபிடி! இந்த ஊர்ல ஓட்டு இல்லாதவன் நீ ஒருத்தன்தான். உன்மேல மட்டும்தான் எனக்குச் சந்தேகம் வராது. சனிக்கிழமைக்குள்ள ஆளைக் காட்டிடு. விருந்துல சங்கத்து மேஜையில, எனக்குப் பக்கத்துல உனக்கு நாற்காலி. காட்டலைன்னா லுசியேன் வெளியே. உன் நாற்காலியும் அவ்வளவுதான்!"

வென்டெல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து, ஒனோரேயின் தங்கை மிரேயைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த நாளாக, அந்த மேஜையில் உட்கார அவர் தவமிருக்கிறார். துப்பாக்கி உண்டு, உரிமம் உண்டு. ஆனால் விருந்து என்றால் மட்டும் 'அமெரிக்காக்காரர்' விருந்தாளிகளோடுதான்.

தேர்தல் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. தன் நாட்டுத் தேர்தலைக்கூட அவர் இப்படிப் பார்த்ததில்லை. அத்தனை வேட்பாளர்களின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். 'யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ இவர் ஏன் பந்தல் போடறார்?' என்று ஊர் சிரிக்கும்.

உடனே துப்பறியக் கிளம்பினார். அமெரிக்காவில் அவர் ஊரில் யாருக்கு ஓட்டு என்பதை வாசல் புல்வெளியில் பலகை நட்டுச் சொல்வார்கள். அதே நினைப்பில், சுற்றி வளைக்காமல் லுசியேனிடமே போய்க் கேட்டார்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க, லுசியேன்?"

லுசியேன் கையிலிருந்த மாவை உதறினார். கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. தலைவருக்குப் பயந்து யாரும் வருவதில்லை.

"மனுஷன் மனுஷனைக் கேக்கற கேள்வியாய்யா இது? கூடவே குடும்பம் நடத்தறாளே, என் பொண்டாட்டி, அவளே இதுவரைக்கும் கேட்டதில்லை!"

"சொல்லிட்டா உங்க மேல இருக்கற பழி போயிடுமே..."

"பழி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஓட்டு என்னோடது!"

அடுத்தது ஓய்வுபெற்ற தபால்காரி எர்மீன். "என் வயசைக் கேளு, சொல்றேன். எடையைக் கேளு, அதையும் சொல்றேன். ஓட்டைக் கேட்டியோ, நாயை அவுத்து விட்டுடுவேன்!" என்றாள். நாயும் அந்த யோசனைக்குத் தயாராகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பாதி ஊர் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டது. துரோகி கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஓய்ந்துபோய் வீட்டுக்குத் திரும்பியவர் தொப்பியைக் கழற்றிச் சமையலறை மேஜையில் வீசினார். மிரேய் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் அரசியல் ஆரம்பித்தாலே அடுப்படிக்கு எழுந்து போகிறவள் அவள். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப் போனால்தான் ஓட்டுச் சாவடிக்கே போவாள்.

"நாற்காலி போனா போகுது, மிரேய். லுசியேன் அநியாயமா அவமானப்படப் போறாரு. அந்தச் சீட்டைப் போட்ட முட்டாள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

"எந்தச் சீட்டு?"

"ஒரு வாரமா ஊரே அடிச்சுக்குது, உனக்குத் தெரியாதா?" என்ற வென்டெல், அந்த வேட்பாளரின் பெயரைச் சொன்னார். "வேட்டையை ஒழிச்சே தீருவேன்னு சொன்னாரே, அவருக்கு!"

மிரேயின் கை நின்றது. இரண்டு பட்டாணி தரையில் உருண்டோடின.

"அவரா? வேட்டையையா?"

வாசலில் ஒனோரேயின் வண்டி வந்து நின்றது. "மாப்ளே! ஆள் கிடைச்சானா?" என்ற குரல் தெருவுக்கே கேட்டது.

மிரேய் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு கணவரின் காதருகே வந்தாள்.

"எனக்கென்ன தெரியும்? 'இந்த ஒருத்தர் பேசற பிரெஞ்சுதான் எனக்கு ஒரு வார்த்தை விடாம புரியுது, தங்கமான மனுஷன்'னு டிவி முன்னாடி உக்காந்து தினமும் உருகினது நீங்கதானே? பாவம், நம்ம வீட்டுக்காரர் இவ்வளவு ஆசைப்படறாரே, இவருக்கு ஒரு ஓட்டு இல்லையேன்னு, என் ஓட்டை உங்களுக்காக அவருக்குப் போட்டுட்டு வந்தேன்."