ஹெய்க்காவின் பங்கு

"எழுத ஆளே இல்லாதவனுக்கு எதுக்கு சரிபங்கு?" என்று மாரெத் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

மான் மேய்ப்பவர்களின் கோடை முகாம் அது. மலைமேல் டவர் கிடையாது. ஹெலிகாப்டர் வந்து இறங்கினால், அதிலிருக்கும் பெட்டி எல்லோருடைய போனிலிருந்தும் செய்திகளைக் காற்றிலேயே வாங்கிக்கொள்ளும். ஊரை நெருங்கியதும் அனுப்பிவிடும்; பதில்களை அடுத்த நடையில் கொண்டுவரும். பெட்டி சின்னது. அதனால் அதிலுள்ள இடம் ஐந்து கூடாரத்துக்கும் சரிபங்கு.

மாரெத்தின் புருஷன் நில்லா கால் ஒடிந்து ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கன்றுகளுக்குக் காதில் அடையாளம் வெட்டுவதை அவள் வீடியோ எடுத்து அனுப்புவாள். அதைப் பார்க்கிற அன்றுதான் அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்று நர்ஸ் எழுதியிருந்தாள். இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தால் தேவலை என்று இவளுக்குத் தவிப்பு.

ஹெய்க்காவோ கல்யாணம் ஆகாத தனிக்கட்டை.

"இவன் யாருக்கு அனுப்புறான்? நாய்க்கா? அதுவும் இவன் கூடத்தானே படுத்திருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெய்க்காவும் சிரித்தான்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் எல்லிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "சொத்தைக் கேக்கற மாதிரி உனக்கு மான் எத்தனைன்னு யாராவது கேட்டா பதில் சொல்லுவியா? அடுத்தவன் பங்கும் அப்படித்தான். விட்டுடு மாரெத்."

மாரெத் விடவில்லை. அவன் பங்கை மற்ற நான்கு கூடாரத்துக்கும் பிரித்தே ஆகவேண்டும் என்று நின்றாள்.

"பிரிச்சுடு எல்லி" என்று சொல்லிவிட்டு ஹெய்க்கா காபிக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

அடுத்த நடையில் நில்லாவின் பதில் வந்தது. 'வீடியோ பாதியிலேயே நின்னுடுச்சே. வெள்ளைக் கன்னு எங்க?'

மாரெத் நேரே எல்லியிடம் சண்டைக்குப் போனாள். "பங்கு கூடினா வீடியோ முழுசா இல்ல போகணும்? எப்படிக் குறையும்?"

எல்லி பெட்டியின் கணக்கைத் திறந்து காட்டினாள்.

"சொல்லக் கூடாதுன்னு ஹெய்க்கா சத்தியம் வாங்கியிருந்தான். நில்லாவுக்குக் கால் ஒடிஞ்ச நாள்லேர்ந்து ஹெய்க்கா பங்கு முழுசும் உனக்குத்தான் போயிட்டிருந்தது. நீதான் அதை நாலாப் பிரிக்கச் சொன்னே."