வளைவில் காய்ந்த நெல்

"ரோட்டு என்ன, உங்கட அப்பன்ட வயல் வட்டையா?"

சின்னப் பட்டா லொறியின் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினான் ரதீஸ்.

செங்கலடிக்கு முந்திய வளைவில், புதுக் கார்ப்பெட் ரோட்டின் பாதியை மூடி நெல் காயப்போட்டிருந்தாள் சீதேவிப்பிள்ளை. சுளகும் கையுமாகப் பூவரச நிழலில் இருந்தவள் அசையவேயில்லை.

"மெல்லமாச் சுத்திப் போ மனே. நெல்லில ஏத்திராத."

ஏற்றமாட்டான். உன்னிச்சையில் வெள்ளாமைக்காரன் வீட்டில் பிறந்தவன். நெல்லில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள். முணுமுணுத்துக்கொண்டே ஊர்ந்து போனான். பின்னால் வாகரையிலிருந்து ஏற்றிவந்த மீனின் ஐஸ் உருகிச் சொட்டியது.

யுத்தம் முடிந்த அடுத்த வருசம் அது. ரோட்டில் குழியும் இல்லை, மறிக்கிற சோதனைச்சாவடியும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரதீஸுக்கு லைசன்ஸ் கிடைத்தது. கிடைத்த மாதமே வேகமாக ஓட்டிப் பிடிபட்டான்.

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "புது லைசன்ஸ், அதுக்குள்ள இவ்வளவு அவசரமா? இன்னொருதரம் இந்தக் கூட்டில ஏறினா லைசன்ஸைப் பறிச்சிருவன்."

லைசன்ஸ் போனால் லொறி வேலை போகும். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ரதீஸுக்கு அது நன்றாக விளங்கும். அவனுடைய வலது காலுக்குத்தான் விளங்குவதில்லை.

கோர்ட்டுக்குப் போய்வந்த சில நாளில் அந்த வளைவில் நெல் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இதே கூத்துத்தான்.

"இவ்வளவு நாளாக் காயுது. இன்னும் ஈரம் போகல்லையா?"

"போகல்ல மனே. நீ மெல்லமாப் போ."

வீட்டில் மனைவி வதனியிடம் முறையிட்டால், அவளும் அந்தப் பக்கம்தான்.

"பாவம், ஏழை மனுசி. சுத்திப் போனா என்ன குறைஞ்சிருவீங்க?"

ஒருநாள் அவனுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. வளைவு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வேகம் பார்க்கிற கருவியோடு பொலிஸ் நிற்கும். அங்கே போய் லொறியை நிறுத்தி இறங்கினான். பொலிஸைக் கண்டு அவன் தானாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"சேர், ரோட்டை மறிச்சு ஒரு மனுசி நெல் காயப்போடுறா. வாகனம் ஓட வழியில்ல."

சார்ஜன்ட் தலையாட்டினார். "நாளைக் காலையில வாறன். அள்ளி ஸ்டேசனுக்குக் கொண்டு போவம்."

மீனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரதீஸுக்கு மனசு சரியில்லை. கோபம் மனுசியோடுதான். நெல் என்ன பாவம் செய்தது? ஒரு குடும்பம் சாப்பிடுகிற நெல்லைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்ற விடுவதா? வளைவில் லொறியை ஓரங்கட்டினான்.

"மாமி, நாளைக்குப் பொலிஸ் வரும். நான்தான் சொன்னன். இப்பவே அள்ளி உள்ளுக்க வைங்க. சாக்கைத் தாங்க, நானும் அள்ளுறன்."

"வேணாம் மனே, விடு."

அவள் தடுப்பதற்குள் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினான். கனமே இல்லை. மேலே ஒரு சுளகு நெல் தூவியிருந்தது. கீழே முழுக்கப் பதர். பறந்து அவன் சேட்டெல்லாம் ஒட்டியது.

"இது பதரெல்லோ?"

"ஓம்."

"பதரை ஆரும் காயப்போடுவாங்களா?"

சீதேவிப்பிள்ளை சுளகைக் கீழே வைத்தாள்.

"சுனாமிக்குப் பிறகு நானும் உன்ட பொஞ்சாதியும் ஒரே கூடாரத்திலதான் கிடந்தம். தாய் தகப்பன் ரெண்டு பேரையும் கடல் கொண்டுபோன புள்ள அது. உனக்குக் கோர்ட்டில கேஸ் நடந்த பிறகு என்னட்ட வந்து அழுதாள். 'நான் சொன்னாலும் கேக்கிறாரில்ல, ஜட்ஜ் சொன்னாலும் கேக்கிறாரில்ல. நெல்லுக்கு மேல மட்டும் வாகனம் ஏத்தமாட்டார். கடலுக்குக் குடுத்தது போதும் மாமி, ரோட்டுக்கும் குடுக்க என்னால ஏலா' எண்டாள்."

ரதீஸ் அள்ளிய பதரைத் திரும்ப ரோட்டிலேயே மெல்லப் போட்டான். லொறியில் ஏறினான்.

மறுநாள் காலை சார்ஜன்ட் வந்தார். ரோட்டில் ஒரு மணி நெல்லும் இல்லை. கூட்டித் துப்புரவாகக் கிடந்தது.

"எங்கம்மா நெல்?"

"எந்த நெல் சேர்?"

சார்ஜன்ட் அவளை முறைத்தார். அப்போது தூரத்தில் பட்டா லொறியின் சத்தம் கேட்டது. கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

லொறி வளைவுக்கு வந்ததும் வேகம் குறைந்தது. நேற்றுவரை நெல் கிடந்த அந்த வெறும் ரோட்டைச் சுற்றி, ஓரமாக, மெல்ல ஊர்ந்து போனது.