அப்பாவுக்கு வலது பக்கம்

அப்பாவுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. தகடு அடிக்கும் பட்டறையிலிருந்து நேராக வந்து, மகளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார்.

“நான் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பா டாக்டர். செவிடன் காதுல ஊதின சங்குதான். நேத்து கோவத்துல ஓங்கி அறைஞ்சிட்டேன்.”

டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

“இவளுக்கு இடது காது சுத்தமா கேக்கல. இனிமே வலது பக்கம் உக்காந்து பேசுங்க.”

“எங்க விடுறா? வீடோ பஸ்ஸோ, என்னை இழுத்து அவளோட இடது பக்கம்தான் உக்கார வைப்பா!”

“ஏம்மா, கேக்காத பக்கமா பாத்து உக்கார வைக்கிறே?”

“பட்டறைச் சத்தத்துல அப்பாவுக்கும் இடது காது போயிடுச்சு டாக்டர். நான் அவருக்கு வலது பக்கம் இருந்தாத்தான் நான் பேசுறது அவருக்குக் கேக்கும்.”

“அவர் பேசுறது உனக்குக் கேக்காதே?”

“ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கேக்கட்டுமேன்னுதான்.”

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா வம்படியாக அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தார். அவள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

 நேற்றைய அறைக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.