நாலாவது இடைஞ்சல்

அன்று மழை தூறியதா, எனக்குத்தான் அப்படி வியர்த்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மடியில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது மட்டும் நிச்சயம். மேலே என் மனைவியின் கையெழுத்து: "கண்ணாடி. சாய்க்கக் கூடாது."

வீடு மாற்றிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் புதுக் குடித்தனக்காரர்கள் கைக்குழந்தையோடு வந்துவிடுவார்கள். அதற்குள் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

அலுவலகத்தில் நான் திட்ட மேலாளர். வாய் சும்மா இருக்குமா?

"எந்த வேலைக்கும் இடைஞ்சல் மூணு," என்றேன். "பொழுது சாயறதுக்குள்ள முடியணும். லாரி ஒரே நடைதான் போகணும். ஒண்ணும் உடையக் கூடாது. மூணையும் இழுத்துப் பிடிக்கறதுதான் சாமர்த்தியம்."

"நாலாவதா ஒண்ணு இருக்குங்க," என்றாள் மனைவி. "அதை நான் பாத்துக்கறேன்."

என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்கிறவன் மேலாளர் ஆவானா?

போன முறை என் திட்டப்படி வீடு மாறியபோது, கட்டில் ஒரு வீட்டிலும் மெத்தை இன்னொரு வீட்டிலும் தூங்கின. நாங்கள் தூங்கவில்லை. இந்த முறை விட்டதைப் பிடிக்க நினைத்தேன்.

"அண்ணே, பீரோ முதல்ல! இல்ல, இருங்க, ஃப்ரிட்ஜ் முதல்ல!"

பீரோ வாசற்படியில் பாதியில் நின்றது. லாரிக்காரர் என் மனைவியைப் பார்த்தார்.

"ஏங்க," என்றாள் அவள். "அம்மா குடுத்த கண்ணாடிச் சாமான். வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல. லாரில முன்னாடி உக்காந்து மடியில வெச்சுக்கறீங்களா? அசையக் கூடாது."

லாரிக்காரர் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். பழகிய கை என்று வியந்துகொண்டேன்.

அப்புறம் நான் அசையவில்லை. மூக்கு அரித்தது; சொறியவில்லை. பின்னால் சாமான்கள் ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மொத்தத் திட்டமும் என் மடியில்தான் இருக்கிறது என்று தோன்றியது.

பொழுதோடு சாவி கைமாறியது. ஒரே நடைதான். ஒரு தம்ளர்கூட நசுங்கவில்லை. கைக்குழந்தை பழைய வீட்டில் தூங்கியது. புது வீட்டில் கட்டிலின் மேலேயே மெத்தை இருந்தது.

"பாத்தியா? மூணும் சரியா வந்துடுச்சு!" என்றபடி பெட்டியைப் பிரித்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலாவதும் சரியாத்தாங்க வந்துச்சு," என்றாள் மனைவி. "கடைசி வரைக்கும் அசையவே இல்லையே!"