லாட்ஜில் அறை கேட்டவள்

பாளையங்கோட்டையில் முன்பு குடியிருந்தவர்கள் திரும்பி வந்து லாட்ஜில் அறை கேட்டால், ஊரில் தெரிந்தவர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆவுடைச்செல்வி சொன்ன முதல் இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். மிச்சம் உடன்பிறந்த கோமதி அக்கா ஒருத்திதான். பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட இவளுக்குத் தெரியாது.

வரவேற்பு மேஜையில் இருந்த இயந்திரம் அக்காவை அழைத்தது.

"ஆவுடைச்செல்வி என்பவர் எங்கள் லாட்ஜில் அறை கேட்கிறார். அவரை உங்களுக்குத் தெரியுமா?"

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. ஆவுடைச்செல்வி பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"லாட்ஜிலயா? அப்ப எனக்குத் தெரியாது. என் கூடப்பொறந்தவளா இருந்தா, நான் இருக்க ஊர்ல லாட்ஜ் தேடுவாளா?"

திரையில் 'தெரியாது' என்று சிவப்பாகப் பதிவானது.

"அக்கா!" என்று கத்தினாள். இயந்திரத்தின் குரலைத் தவிர வேறெதுவும் அந்தப் பக்கம் போகாது.

"அவ எங்க நிக்கா? சொல்லுங்க, இப்பவே வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தெரியாதவர் இருக்கும் இடத்தை நாங்கள் சொல்வதில்லை. நன்றி," என்று இயந்திரம் இணைப்பைத் துண்டித்தது.